முப்பதாயிரம் யென் சுஷியில் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அலுவலக வேலையாக அடுத்த மாதம் டோக்கியோ வருகிறீர்கள். இங்குள்ள வாடிக்கையாளர் ஒருவர், கின்ஸா என்ற விலையுயர்ந்த கடைத்தெருப் பகுதியில் ஒன்பதே நாற்காலி போட்ட ஒரு சுஷிக் கடைக்கு உங்களைக் கூட்டிப்போகப் போகிறார். ஆளுக்கு 33,000 யென் என்று பார்த்ததும் உங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. "கைப்பிடிச் சோற்றின் மேல் பச்சை மீன். இதற்கா ஏறக்குறைய இருபதாயிரம் ரூபாய்? வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா? அங்கே எப்படி நடந்துகொள்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உங்களை அரிப்பது முதல் கேள்விதான். அந்தக் காசுக்கு அங்கே அப்படி என்ன இருக்கிறது, இருந்தாலும் அது என் நாக்குக்குத் தெரியுமா? அதற்குப் பதில் கிடைத்தால் மற்ற இரண்டும் பாதி தீர்ந்துவிடும்.

நான் பதினான்கு வருடத்துக்கு முன் மொழிப்பள்ளி மாணவனாக இங்கே வந்தவன். மாணவர் விசாவில் வாரம் 28 மணி நேரம் வேலை பார்க்கலாம். அந்த 28 மணி நேரத்தையும் ஒரு சுஷிக் கடையின் பின்கட்டில் கழித்தேன். முதலில் பாத்திரம், அப்புறம் அரிசி, கடைசியாகச் சின்ன மீன்களுக்குச் செதில் எடுக்கும் வேலை. இப்போது தொயோசு மீன் சந்தையில் ஒரு மொத்த வியாபாரியிடம் இருக்கிறேன். கவுண்டரில் நின்று வாடிக்கையாளருக்கு ஒரு சுஷிகூடப் பிடித்துக் கொடுத்ததில்லை. ஆகவே அந்தக் கைவேலையைப் பற்றிச் சொல்வதெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். குடிப்பழக்கமும் இல்லை. எந்த மீனுக்கு எந்த சாக்கே (அரிசி மது) என்பதைக் கூட்டிப்போகிறவரிடமே விட்டுவிடுங்கள்.

மீன் வாங்கப் போனால் நம் வீட்டில் என்ன சொல்லி அனுப்புவார்கள்? கண் பளபளவென்று இருக்க வேண்டும், செவுளைத் தூக்கிப் பார், விரலால் அழுத்தினால் குழி விழக்கூடாது. குழம்புக்கு அது சரி. அதே கணக்கோடு சுஷிக் கடைக்கு வருகிறவர், துள்ளத் துள்ளப் பிடித்த மீனை அப்படியே அறுத்துத் தருவதற்குத்தான் இவ்வளவு விலை என்று நினைத்துக்கொள்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் குளிர்பெட்டியில் காகிதம் சுற்றிக் கிடந்த மீனைப் பார்த்து, "இது நாலு நாள் பழசு, தூக்கிப் போட்டுவிடவா?" என்று கேட்டேன். கடை மொத்தமும் சிரித்தது.

காரணம் வேதியியலில் இருக்கிறது. மீன் செத்த பிறகு அதன் தசையில் இருக்கும் ஏடிபி என்ற ஆற்றல் பொருள் மெல்லச் சிதைந்து இனோசினிக் அமிலமாகிறது. அதுதான் மீனின் ருசி. அப்போதுதான் அடித்த வெள்ளைச் சதை மீனைக் கடித்தால் நறுக்கென்று இருக்கும், ருசி மட்டும் வந்திருக்காது. ஒன்றிரண்டு நாள், பெரிய மீனென்றால் இன்னும் அதிகம், சரியான குளிரில் வைத்தால் சதை இளகி ருசி ஏறும். அதற்கு மேல் போனால் அந்த அமிலமும் சிதைந்து வாடை அடிக்க ஆரம்பிக்கும். அந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவில் எந்த நாளில் கத்தி வைப்பது என்ற கணிப்புக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். 1908இல் இகெதா கிகுனாயே என்ற விஞ்ஞானி கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து (பெயர் தற்செயல்தான், நம் கொம்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை) குளுட்டமேட்டைப் பிரித்து, அதன் ருசிக்கு உமாமி என்று பேர் வைத்தார். 1913இல் அவருடைய மாணவர் கொதாமா ஷிந்தாரோ, உலர்ந்த வரிச்சூரையான கத்சுவோபுஷியில் இனோசினிக் அமிலத்தைக் கண்டுபிடித்தார். இரண்டும் சேர்ந்தால் ருசி கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக ஏறும். சுஷிக்காரர்கள் இந்தப் பேரெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே வெள்ளை மீனைக் கொம்புத் தழைகளுக்கு நடுவில் அழுத்தி வைக்கும் கொபுஜிமே என்ற வித்தையைச் செய்துவந்தார்கள். உமாமி என்றதும் பயப்பட வேண்டாம். மாசிக் கருவாட்டை இடித்துச் சம்பல் செய்து தின்றவருக்கு அது ஏற்கெனவே தெரிந்த ருசி. மாசியும் கத்சுவோபுஷியும் கிட்டத்தட்ட ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இந்த வேலை எப்படிப்பட்டது என்பதற்கு நான் கையால் தொட்ட ஒரு மீனைச் சொல்கிறேன். கொஹாடா. மத்திக்கு உறவுக்காரன், உள்ளங்கை நீளம், உடம்பு முழுக்க முள். சந்தையில் சூரைக்குப் பக்கத்தில் வைத்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதைச் செதில் சுரண்டி, தலை வெட்டி, வயிற்றைக் கீறிப் புத்தகம் போல விரித்து, நடுமுள்ளை எடுத்து, மூங்கில் தட்டில் பரப்பி உப்புத் தூவ வேண்டும். உப்பில் எவ்வளவு நேரம்? அதுதான் முழு வித்தையும். மீனின் அளவு, அதன் கொழுப்பு, அன்றைய வெக்கை மூன்றையும் பார்த்து தைஷோ (கடைத் தலைவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒவ்வொரு நாளும் வேறு வேறு நேரம் சொல்வார். பிறகு கழுவி, காடியில் (வினிகர்) அலசி, மறுபடி காடியில் ஊறவைத்து, வடித்து, ஓரிரு நாள் சும்மா வைத்தால்தான் உப்பும் புளிப்பும் நடுச்சதை வரை இறங்கும். ஒருநாள் தொலைபேசி மணி அடித்தது என்று எடுக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஐந்து நிமிடம் கூடிவிட்டது. தைஷோ திட்டவில்லை. ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, நாற்பது மீனையும் எங்கள் மதியச் சாப்பாட்டுக்குத் தள்ளிவிட்டார். எனக்கு அது நன்றாகத்தான் இருந்தது. அவ்வளவுதான் அப்போது என் நாக்கு. வித்தியாசம் பிடிபட இரண்டு வருடம் ஆனது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதல் தடவை போகும் உங்களுக்கு எல்லாம் புரிந்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்தது சோறு. மீனைப் பற்றி இவ்வளவு பேசினாலும், தொழிலில் இருப்பவர்கள் கடையை எடைபோடுவது சோற்றை வைத்துத்தான். சுஷி என்ற சொல்லே புளிப்பு என்ற பொருளிலிருந்து வந்தது. ஆதியில் அது மீனைச் சோற்றில் மாதக்கணக்கில் புதைத்துப் புளிக்கவைக்கும் முறை. பீவா ஏரிப் பக்கம் இன்றும் ஃபுனாசுஷி என்ற பெயரில் அதைச் செய்கிறார்கள். வாடை மூக்கைத் துளைக்கும், பழகினவர் விடமாட்டார். புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லாத எடோ நகரத்தில், அதாவது பழைய டோக்கியோவில், சோற்றில் காடியைக் கலந்து உடனே பிடித்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். 1820களில் ஹனாயா யோஹெய் என்பவர்தான் தொடங்கினார் என்று சொல்வது வழக்கம். ஒரே ஆள் கண்டுபிடித்தாரா என்பது சந்தேகம்தான். ஆனால் அந்தக் காலத்தில் அது தெருவோரத் தள்ளுவண்டிச் சாப்பாடு, ஒன்று இன்றைய சுஷியைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிது என்பதில் சந்தேகமில்லை. நம் ஊர் கையேந்தி பவனுக்கு இருநூறு வருடத்தில் கின்ஸாவில் இடம் கிடைத்த மாதிரி. சாக்கே வடித்த மண்டியிலிருந்து செய்யும் சிவப்புக் காடி அந்தக் காலத்தில்தான் பரவியது. இப்போது புதிதாகத் திறக்கும் நவீனக் கடைகள் பலவும் அதற்கே திரும்பியிருக்கின்றன. சோறு லேசாகப் பழுப்பாக இருந்தால் பழைய சோறோ என்று நினைத்துவிடாதீர்கள்.

அந்தச் சோறு உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். நீங்கள் உட்காரும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் உலை வைப்போம். வெந்ததும் மரத்தொட்டியில் கொட்டி, காடி ஊற்றி, துடுப்பால் கிளறாமல் வெட்டி வெட்டிக் கலப்போம், ஒரு கை விசிறிக்கொண்டே இருக்கும். தைஷோ வலது கையில் சோற்றை எடுக்கும்போது கவனித்துப் பாருங்கள், கையில் அள்ளியது கூடிப்போனால் கொஞ்சம் தொட்டியில் திரும்ப விழும். இடது உள்ளங்கையில் மீன், அதன் மேல் விரல்நுனியளவு வசாபி (காரமான கிழங்குத் துருவல்), அதன் மேல் சோறு, இரண்டு மூன்று அழுத்தல், ஒரு திருப்பு. ஐந்தாறு நொடியில் உங்கள் முன்னால் இருக்கும். வைத்த கையோடு அது மெல்ல ஒரு மயிரிழை கீழே அமரும். உள்ளே காற்று இருப்பதால் தன் எடையிலேயே இறங்குகிறது. கையில் எடுத்தால் உதிராது, வாயில் போட்டால் தானே கலையும். "சோற்றுப் பருக்கை எல்லாம் ஒரே திசையில் நிற்கும்" என்று இணையத்தில் எழுதுவதை நம்பாதீர்கள், நான் அப்படி எதையும் பார்த்ததில்லை. "பெண்கள் கை சூடு, அதனால் சுஷி பிடிக்க ஆகாது" என்று ஒரு பழம்பேச்சு உண்டு, அது வெறும் சாக்கு. பெண்கள் பிடிக்கும் நல்ல கவுண்டர்கள் இன்று இருக்கின்றன.

சரி, 33,000 எங்கே போகிறது? ஒன்பது நாற்காலி, ஒரு மாலைக்கு ஒன்று அல்லது இரண்டு பந்தி, கின்ஸா வாடகை, பின்கட்டில் என்னைப் போல நாலு பேர். மீதி மீனுக்கு. சூரை விலை என்றால் ஆளாளுக்கு 2019 புத்தாண்டு ஏலத்தைச் சொல்வார்கள். சுகிஜியிலிருந்து 2018 அக்டோபரில் சந்தை தொயோசுவுக்கு மாறிய பிறகு நடந்த முதல் புத்தாண்டு ஏலம், 278 கிலோ எடையுள்ள ஒரு மீன் 33 கோடியே 36 லட்சம் யென்னுக்குப் போனது. அது விளம்பரத்துக்குக் கொடுத்த விலை. சாதாரண நாளில் அதில் சொற்பம்தான், இருந்தாலும் கடலில் பிடித்த நல்ல புளூஃபின் சூரை எந்த நாளிலும் மலிவில்லை. அதே டோக்கியோவில் பெல்ட்டில் சுஷித் தட்டுகள் சுற்றிவரும் கடைகளில் ஒரு தட்டு நூற்றுச் சொச்சம் யென்னுக்குக் கிடைக்கும். 1958இல் ஒசாகா பக்கத்தில் சிரைஷி யொஷியாகி தொடங்கிய முறை அது. அதை மட்டமாகப் பேசுகிறவன் நானில்லை, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு அங்கேதான் போகிறேன். பெல்ட்டுக் கடையில் நீங்கள் மீனுக்குக் காசு கொடுக்கிறீர்கள், கவுண்டரில் மீனுக்கு முன்னாலும் பின்னாலும் நடந்ததற்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்.

வயிற்று விஷயத்துக்கு வருகிறேன், இதில் மழுப்பக்கூடாது. பச்சை மீனில் உண்மையான ஆபத்து அனிசாகிஸ் என்ற புழு. கானாங்கெளுத்தி வகை, வரிச்சூரை, கணவாய் போன்றவற்றில் வரும். காடி, உப்பு, வசாபி எதுவும் அதைக் கொல்லாது. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறையவைத்தால் சாகும், இது ஜப்பான் சுகாதார அமைச்சின் வழிகாட்டல். உறையவைத்த மீன் மட்டம் என்ற நினைப்பையும் விட்டுவிடுங்கள். ஜப்பான் முழுக்க வருடத்துக்குச் சில நூறு அனிசாகிஸ் சம்பவங்கள் பதிவாகின்றன. தினமும் எத்தனை பேர் பச்சை மீன் சாப்பிடுகிறார்கள் என்று யோசித்தால் அது சொற்பம், ஆனால் பூச்சியமில்லை. நல்ல கடையில் ஒவ்வொரு சதையையும் வெளிச்சத்தில் பார்ப்பார்கள், கணவாயில் நெருக்கமாகக் கீறல் போடுவார்கள். சாப்பிட்ட சில மணி நேரத்தில் மேல்வயிற்றில் சுருக்கென்று தாங்கமுடியாத வலி வந்தால் மருத்துவமனைக்குப் போய் என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லுங்கள், உள்நோக்கிக் குழாய் விட்டு எடுத்துவிடுவார்கள். கர்ப்பிணிகள், எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் போகாதீர்கள், பெரிய சூரையில் பாதரசக் கணக்கும் இருக்கிறது. வாடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நல்ல கடைக்குள் நுழைந்தால் காடி வாசனையும் மர வாசனையும்தான் வரும். மீன்வாடை வந்தால் ஏதோ தப்பு.

உங்களுக்கு ஒவ்வாத பொருள் எதுவானாலும் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடச் சொல்லுங்கள். அங்கே போய் உட்கார்ந்தபின் சொன்னால் அவர் மாற்றுவதற்கு ஒன்றும் வைத்திருக்கமாட்டார். ஒமகாசே என்றால் 'உங்களிடமே விட்டுவிட்டேன்' என்று பொருள், பட்டியலே கிடையாது. சைவர்களுக்கு இந்த இடம் வேண்டாம். முட்டையடையில் இறாலோ மீனோ அரைத்திருக்கும், சூப்பில் மீன் சாறு இருக்கும். மது கலந்ததைத் தொடாதவர்களுக்கும் கஷ்டம்தான், மேலே தடவும் சாற்றில் சாக்கேயும் மிரின் என்ற இனிப்பு மதுவும் சேர்ந்திருக்கும்.

நடந்துகொள்வது நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. நவீனக் கடைகள் பலவற்றில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொடங்கும், ஆறு மணி என்றால் ஆறு மணி. பத்து நிமிடம் தாமதமானால் உங்களுக்காக எட்டுப் பேர் காத்திருப்பார்கள். அத்தர், சென்ட் வேண்டவே வேண்டாம். கைக்கடிகாரம், மோதிரம், காப்பு இருந்தால் கழற்றிப் பையில் வையுங்கள், கவுண்டர் இழைத்த ஹினோக்கி மரம், ஒரு கீறலுக்கே அவர்கள் மனசு தாங்காது. கையால் சாப்பிடலாமா? தாராளமாக. இந்த ஒரு விஷயத்தில் குச்சியோடு தடுமாறும் வெள்ளைக்காரரைவிட நமக்கு வசதி. சோயா சாற்றைத் தேடாதீர்கள், மீன் மேல் தைஷோ ஏற்கெனவே தடவியிருப்பார். இஞ்சியைச் சுஷிக்கு மேல் வைக்காமல் இரண்டுக்கும் நடுவில் வாய் கழுவுவதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். வசாபி மூக்கில் ஏறினால் பதற வேண்டாம், கடுகில் காரமாக இருப்பதும் இதுவும் ஒரே பொருள்தான், அப்போதே துருவியது என்பதால் கொஞ்சம் இனிப்பும் சேர்ந்திருக்கும். படம் எடுக்க வேண்டுமானால் ஒருமுறை கேட்டுவிட்டு எடுங்கள், மற்றவர்கள் முகம் விழாமல். பணம் கொடுப்பது கூட்டிப்போகிறவர் வேலை, பில் பக்கம் கண் போகவேண்டாம். டிப்ஸ் வழக்கமே இல்லை.

இவ்வளவிலும் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். சுஷி முன்னால் வந்ததும் சாப்பிட்டுவிடுங்கள். பேச்சு சுவாரசியத்தில் அப்படியே இரண்டு நிமிடம் விட்டால் சோறு ஆறும், மீன் காயும், நோரி (சுற்றியிருக்கும் கடற்பாசித் தாள்) சவசவத்துப்போகும். அந்த இரண்டு நிமிடத்தில் 33,000 யென்னும் பெல்ட்டுக் கடைக்கு இறங்கிவிடும். பின்கட்டிலிருந்து திரைச்சீலை இடுக்கில் நான் அதிகம் பார்த்த காட்சி இதுதான். கோட்டுப் போட்ட ஒருவர் வியாபாரம் பேசிக்கொண்டே இருப்பார், அவர் முன்னால் ஒரு சூரைத் துண்டு பளபளப்பு மங்கிக்கொண்டிருக்கும், தைஷோ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார்.

பெறுமா என்றால் என் பதில் இது. சொந்தக் காசாக இருந்தால் முதல் தடவையே இரவுக்குப் போக வேண்டாம், மதியப் பந்தி வைக்கும் கடைகளில் பல சமயம் பாதி விலைக்குள் முடியும், சோறும் கையும் அதேதான் என்று சொல்லியிருப்பேன். நீங்களோ விருந்தாளி, கவலையில்லாமல் போங்கள். ஒதோரோ (சூரையின் கொழுத்த வயிற்றுச் சதை), உனி (கடல் முள்ளெலி) எல்லாம் முதல் வாயிலேயே யாருக்கும் பிடிக்கும், கொழுப்புக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. இத்தனைக்கும் போருக்கு முன்னால் அந்த ஒதோரோவைப் பூனைகூடத் தாண்டிப்போகும் என்று ஒதுக்கியவர்கள்தான் இவர்கள். கடைசியில் முட்டையடை வந்தபிறகு, "இன்னும் ஏதாவது வேண்டுமா?" என்று தைஷோ கேட்பார். எல்லோரும் மறுபடி சூரை கேட்பார்கள். நீங்கள் "கொஹாடா ஒன்று" என்று கேட்டுப் பாருங்கள். முன்னால் அவர் தலை ஒருமுறை நிமிரும், பின்கட்டில் செதில் எடுத்த பையன் காதிலும் அது விழும்.